லேசர் டாப்ளரில் ஓட்டம் அதிகம், தோலோ பட்டினி: இரண்டும் எப்படிச் சரியாகும்?

கேள்வியை மற்றவர்களுக்காக ஒரு தடவை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவுக்கு 61 வயது, பல வருடமாக வெரிகோஸ் வெயின், வலது கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் தோல் பழுப்பாகி, இறுகி, அரிப்பெடுக்கிறது. ஒரு ஆய்வுக்காக, தோலின் ரத்த ஓட்டத்தை ஒளியால் அளக்கும் லேசர் டாப்ளர் கருவியை வைத்துப் பார்த்ததில் பழுப்பான இடத்தில் 48 யூனிட், நல்ல காலில் அதே இடத்தில் 17. டாக்டரோ தோலுக்குச் சரியாக ஊட்டம் போகவில்லை, கவனிக்காவிட்டால் புண் வரும் என்கிறார். ஓட்டம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு இருக்கும்போது ஊட்டம் எப்படிக் குறையும், இரண்டில் ஒன்று தப்புதானே என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் சரிதான். லேசர் டாப்ளர் பார்ப்பது அசைகிற ரத்த அணுக்களை, அவ்வளவுதான். அந்த அணுக்கள் தோல் செல்லுக்குப் பக்கத்தில் போய் ஆக்சிஜனை இறக்கிவிட்டு வந்தனவா, இல்லை அடியில் இருக்கும் அகலமான குழாய்களில் விறுவிறுவென்று ஓடித் திரும்பிவிட்டனவா என்று அதற்குத் தெரியாது. பெரிய வாய்க்காலில் தண்ணீர் கரைபுரண்டு போகும், கடைமடையில் பயிர் காய்ந்துகொண்டிருக்கும் இல்லையா, அந்த மாதிரி. வாய்க்காலில் அளவுகோலை நட்டுவிட்டுப் பயிரைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் இதை இப்படி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனால் உங்களுக்கு அந்த ரிப்போர்ட்டை வைத்து என்ன செய்வது என்று தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. ரத்தக்குழாய் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் இந்தக் கருவிகளோடு மல்லுக்கட்டியவன்.

முதலில் காலில் நடப்பது என்ன என்று பார்த்துவிடலாம். அசையாமல் நிற்கும்போது பாதத்துச் சிரையில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில் (வெயின்), அழுத்தம் 80 முதல் 90 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். இது நோயாளிக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். இதயத்திலிருந்து பாதம் வரை நிற்கிற ரத்தத் தூணின் கனம் அது. நடக்க ஆரம்பித்ததும் கெண்டைச்சதை சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும், தள்ளியது திரும்பி வராமல் வால்வுகள் மூடிக்கொள்ளும், சில எட்டு வைப்பதற்குள் அழுத்தம் 30-க்குப் பக்கத்திலோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். வால்வு கெட்ட காலில் இந்த இறக்கம் நடப்பதில்லை. நின்றாலும் நடந்தாலும் அழுத்தம் உயரத்திலேயே நிற்கும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், பல வருடம், அந்த அழுத்தம் பின்பக்கமாகத் தோலின் நுண்குழாய்கள் வரை போய்த் தாக்குகிறது.

தோலுக்குள் குழாய்கள் இரண்டு தளமாக அமைந்திருக்கின்றன. மேல்தோலுக்கு நேர் அடியில் கொண்டை ஊசி வடிவத்தில் குட்டிக் குட்டி வளையங்கள். பள்ளிப் புத்தகத்தில் தந்துகி என்று படித்தோமே, அவை. தோலுக்குச் சாப்பாடு போடுவது இவைதான். அவற்றுக்கு அடியில் நுண்தமனிகளும் நுண்சிரைகளும் பின்னிக் கிடக்கும் ஒரு வலை, உடம்பின் வெப்பத்தை வெளியேற்றுவதுதான் அதன் பெரிய வேலை. தோலுக்குள் வரும் ரத்தத்தில் பெரும்பங்கு இந்தக் கீழ்த்தளத்தில்தான் ஓடுகிறது.

சிரை அழுத்தம் இறங்காத காலில் மேல்தளத்து வளையங்கள் உருமாறுகின்றன. அகன்று, நீண்டு, முறுக்கிக்கொண்டு, நுண்ணோக்கியில் பார்த்தால் நூல் பந்து மாதிரி சுருண்டு கிடக்கும். சிலவற்றுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துப் போகும், அடைத்தவை பிறகு காணாமலேயே போகும். சூரிச்சில் போலிங்கர் குழுவினர் ஒளிரும் சாயத்தை ரத்தத்தில் செலுத்தி, தந்துகிகளை நேரடியாக வீடியோ எடுத்து இதையெல்லாம் காட்டினார்கள். தந்துகியைச் சுற்றிச் சாயம் கசிந்து பரவும் வளையமும் இந்தக் கால்களில் பெரிதாக இருந்தது. ஆக, வளையங்களின் எண்ணிக்கை குறைவு, மிச்சமிருப்பவை வீங்கியவை, அடித்தளமோ விரிந்து கிடக்கிறது. மேலே லேசரை வைத்தால் எண் ஏறத்தானே செய்யும்? கடைமடை காய்ந்ததற்கும் எண் ஏறியதற்கும் காரணம் ஒன்றே.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல, நூறு வருடத்துக்கு மேலாக இந்தத் துறையே இதில் தடுமாறியிருக்கிறது. 1917-இல் ஜான் ஹோமன்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், சிரைகளில் ரத்தம் தேங்கிப்போய் ஆக்சிஜன் இல்லாமல் தோல் கெடுகிறது என்ற கருத்தை முன்வைத்தார். கேட்க நியாயமாக இருக்கிறது. இன்றும் பலர் தேக்கம் என்றுதான் சொல்கிறார்கள். 1929-இல் ஆல்ஃபிரட் பிளேலாக், பிற்காலத்தில் பிறவி இதயக் கோளாறால் நீலம் பாரித்த குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சையால் பேர் வாங்கினாரே அவரேதான், வெரிகோஸ் சிரையிலிருந்து ரத்தம் எடுத்து ஆக்சிஜனை அளந்தார். நல்ல காலைவிட நோயுள்ள காலில் அதிகமாக இருந்தது! தேங்கிக் கிடக்கிற ரத்தம் என்றால் குறைவாகவல்லவா இருக்க வேண்டும். அப்படியானால் தமனியிலிருந்து சிரைக்குத் தந்துகியைத் தாண்டிக் குறுக்கு வழி ஏதோ திறந்திருக்கிறது என்று 1950களில் ஒரு கருத்து கிளம்பியது. அதைச் சோதிக்கக் கதிரியக்கத் துகள்களைக் கால் தமனியில் செலுத்திப் பார்த்தார்கள். துகள் தந்துகியைவிடப் பெரியது, குறுக்கு வழி இருந்தால்தான் தாண்டி நுரையீரலுக்குப் போகும். பெரிதாக எதுவும் போகவில்லை, அந்தக் கருத்தும் ஆட்டம் கண்டது.

1982-இல் லண்டனில் பிரவுஸ், பர்னாண்ட் இருவரும், கசிந்து வரும் ஃபைப்ரின், அதாவது ரத்தம் உறையும்போது உண்டாகும் நார்ப்புரதம், தந்துகியைச் சுற்றி உறை போலப் படிந்து ஆக்சிஜனை மறிக்கிறது என்றார்கள். 1988-இல் கோலரிட்ஜ் ஸ்மித் குழு, வெள்ளணுக்கள் தந்துகிச் சுவரில் ஒட்டிக்கொண்டு அழற்சியைக் கிளப்பிவிடுகின்றன என்றது; காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் காலுக்குள் போகும் வெள்ளணுக்களில் ஒரு பங்கு திரும்பி வருவதில்லை என்பதை ஏற்கெனவே கவனித்திருந்தார்கள். இன்றைக்கு ஃபைப்ரின் உறை ஆக்சிஜனைத் தடுக்கும் சுவர் என்ற பேச்சு அவ்வளவாக எடுபடுவதில்லை, வெள்ளணுவும் அழற்சியும்தான் கதையின் நடுவில் இருக்கின்றன. டாக்டர் ஊட்டம் போகவில்லை என்று சொன்னது கொஞ்சம் எளிமைப்படுத்திய பேச்சு. அழற்சியில் கெட்டுப்போய்க்கொண்டிருக்கிற தோல், அதில் ஆக்சிஜன் விநியோகமும் சீராக இல்லை என்றால் இன்னும் சரியாக இருக்கும். உங்கள் அம்மாவிடம் அவர் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

இனி கருவிக்கு வருவோம். 1975-இல் மைக்கேல் ஸ்டெர்ன், லேசர் ஒளியைத் தோலில் பாய்ச்சினால் அசைகிற ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண் கொஞ்சம் மாறுகிறது, அதை வைத்து ஓட்டத்தைக் கணிக்கலாம் என்று நேச்சர் இதழில் எழுதினார். ரயில் நெருங்கும்போதும் விலகும்போதும் ஊதல் சத்தம் மாறுவதற்குக் காரணமான அதே டாப்ளர் விளைவு. அசையாத திசுவில் பட்ட ஒளி மாறாமல் வரும், அணுவில் பட்டது மாறி வரும், இரண்டும் கலக்கும்போது உண்டாகும் துடிப்பைக் கருவி படிக்கிறது. எத்தனை அணு அசைகிறது, சராசரியாக எவ்வளவு வேகம், இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் திரையில் தெரியும் எண்.

இதில் மூன்று விஷயம் மனதில் இருக்கட்டும். அந்த யூனிட் மில்லிலிட்டரும் இல்லை, நிமிடத்துக்கு இவ்வளவு என்றும் இல்லை. துகள்கள் மிதக்கும் ஒரு திரவத்தில் வைத்துக் கருவியைச் சரிபார்த்து வைத்துக்கொள்ளும் தன்னிச்சையான அலகு. ஒரு கம்பெனிக் கருவியின் 48-ஐ இன்னொன்றின் 48-உடன் ஒப்பிட முடியாது. இரண்டாவது, சாதாரண புரோப் (தோலில் ஒட்டும் கருவியின் முனை) பார்ப்பது சுமார் ஒரு கன மில்லிமீட்டர் தோல். புரோப்பை நகம் அகலம் நகர்த்தி ஒட்டினால் எண் பாதியாகலாம், இரண்டு மடங்காகலாம். அடியில் ஒரு நுண்தமனி எழும்பி வரும் இடமா இல்லையா என்பதைப் பொறுத்தது. அதனால் ஒரே ஒரு புள்ளியில் எடுத்த 48-ஐயும் 17-ஐயும் வைத்து மூன்று மடங்கு என்று நான் சொல்லமாட்டேன், அதிகம் என்று மட்டும் சொல்வேன். மூன்றாவது, காலை இறுகக் கட்டி ரத்தத்தை முழுக்க நிறுத்தினாலும் எண் பூஜ்யத்துக்குப் போகாது. குழாய்க்குள் மாட்டிக்கொண்ட அணுக்கள் சும்மா ஆடிக்கொண்டிருக்கும் அசைவே ஒரு எண்ணைக் கொடுக்கும், அதை உயிரியல் பூஜ்யம் என்பார்கள். வீங்கிய, அணுக்கள் நெரிசலாக இருக்கும் தோலில் இது பெரிதாகவே இருக்கலாம், எனவே கழித்துப் பார்க்காத எண் ஏமாற்றும். ரிப்போர்ட்டில் கழித்ததா கழிக்காததா என்று பாருங்கள், பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

சரி, அப்படியானால் இந்தக் கருவியால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. படுக்க வைத்து ஒரு எண் எடுத்துவிட்டு எழுப்பி அனுப்புவதுதான் வீண். ஓட்டத்தைச் சீண்டிவிட்டு அது எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். சிரை நோயில் நான் முதலில் பார்க்கச் சொல்வது நிலை மாற்றம்.

நல்ல காலைத் தொங்கவிட்டால் தோலில் ஓட்டம் குறையும். கீழே வைத்தால் ரத்தம் நிறைய வருமே, ஏன் குறைய வேண்டும் என்று தோன்றும். நுண்சிரையில் அழுத்தம் ஏறத்தாழ 25 மி.மீ. பாதரசத்தைத் தாண்டியதும் பக்கத்து நுண்தமனி தானாகவே சுருங்கிக்கொள்கிறது, மூளையிடமோ முதுகுத் தண்டிடமோ கேட்பதில்லை. அந்த இடத்தில் மரத்துப்போகும் மருந்தைப் போட்டால் இந்தச் சுருக்கம் நடப்பதில்லை என்பதால் உள்ளூர் நரம்பிழைகளின் வேலை என்று கண்டார்கள். இதயத்திலிருந்து 40 சென்டிமீட்டர் கீழே பாதத்தை இறக்கினால் அழுத்தம் சுமார் 30 கூடும், அதாவது அந்த எல்லையைத் தாண்டிவிடும், அதனால் பரிசோதனைக்குக் கட்டிலின் விளிம்பில் உட்காரவைத்துத் தொங்கப்போட்டாலே போதும். ஆரோக்கியமான தோலில் ஓட்டம் பாதிக்குக் கொஞ்சம் முன்பின்னாகக் குறையும். தந்துகிக்குள் அழுத்தம் எகிறிக் கணுக்கால் வீங்காமல் காப்பது இந்தச் சுருக்கம்தான். கதவு இடுக்கை உள்ளிருந்து அடைப்பது மாதிரி.

சிரை நோய் முற்றிய தோலில் இந்தக் குறைவு மங்கிப்போகிறது. படுத்திருக்கும்போது 48, தொங்கவிட்டால் 24 என்றால் எனக்கு அவ்வளவு கவலை இல்லை. 48 என்பது 44 ஆனது என்றால், அந்த 44-தான் சேதி: தோல் தன் கதவைச் சாத்த மறந்துவிட்டது, நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் அழுத்தம் நேராகத் தந்துகியில் விழுகிறது. நோயில்லாத காலையும் அதே முறையில் எடுத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒரு எச்சரிக்கையும் உண்டு, சர்க்கரை நோயில் நரம்பு பழுதானவர்களுக்கும் இந்தச் சுருக்கம் குறைந்திருக்கும், அவர்களிடம் இது சிரையின் குற்றமா நரம்பின் குற்றமா என்று இந்த ஒரு சோதனையால் பிரிக்க முடியாது. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை.

இன்னொரு சீண்டல் சூடு. புரோப்பைச் சுற்றியுள்ள தோலை 42 அல்லது 43 டிகிரிக்குச் சூடாக்கினால் சில நிமிடத்தில் ஓட்டம் குபீரென்று ஏறி, கொஞ்சம் இறங்கி, மறுபடி மெதுவாக ஏறி அரை மணி நேரத்தில் மேட்டு நிலத்தில் நிற்கும். முதல் ஏற்றம் நரம்பிழைகளால், பின்னது பெரும்பாலும் குழாயின் உட்சுவர் வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடால். நோயுள்ள தோல் ஏற்கெனவே விரிந்து கிடப்பதால் இன்னும் விரிய அதற்கு இடம் குறைவாகவே இருக்கும். தொடையில் கஃப் (ரத்த அழுத்தம் பார்க்கக் கட்டும் காற்றுப் பட்டை) கட்டி மூன்று நிமிடம் ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் திறந்துவிடும் சோதனையும் உண்டு. சிரை நோயாளிகளிடம் அதை நான் விரும்புவதில்லை, வலிக்கிறது என்று காலை ஆட்டுவார்கள், ஆட்டினால் அந்தப் பதிவை எடுத்துக் குப்பையில் போட வேண்டியதுதான்.

ஊட்டத்தை நேரடியாகப் பார்க்க வேண்டுமென்றால் தோல்வழி ஆக்சிஜன் அளவீடு. தோலின் மேல் ஒரு மின்முனையை ஒட்டி, அந்த இடத்தை 44 டிகிரி வாக்கில் சூடாக்கி, தோலைத் தாண்டி வெளியே பரவி வரும் ஆக்சிஜனின் அழுத்தத்தை அளப்பார்கள். நிலைக்க 15, 20 நிமிடம் ஆகும், அவசரப்படக் கூடாது. பாதத்தில் 50-க்கு மேல் இருந்தால் நிம்மதி, 30-க்குக் கீழே போனால் அங்கே புண் வந்தால் ஆறுவது சிரமம் என்பது பொதுவான கணக்கு, இந்தக் கணக்கே தமனி நோயாளிகளிடமிருந்து வந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சிரை நோயில் பழுப்பாகி இறுகிய தோலில் இந்த எண் குறைவாக வரும். பழைய புண் தழும்பு மாதிரி வெள்ளை வெளேரென்று, நடுவே சிவப்புப் புள்ளிகளோடு திட்டுகள் இருக்குமே, அங்கே மிகவும் குறைவாக வரும், ஏனென்றால் அந்த வெள்ளையில் தந்துகியே அநேகமாக இல்லை. அங்கே லேசரை வைத்தாலும் அடியில் ஓடும் ரத்தத்தை அது எண்ணிக்கொண்டுதான் இருக்கும்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. மின்முனை தோலைச் சூடாக்குகிறது என்றேனே, அப்போது நாம் அளப்பது அன்றாட நிலையில் இருக்கும் தோலை அல்ல, சூட்டில் முழுக்க விரியச் சொல்லி உசுப்பிவிட்ட தோலை. அதனால் 44 டிகிரியில் குறைவு காட்டிய அதே தோல் 37 டிகிரியில் அளந்தால் அந்தக் குறைவைக் காட்டாமல் போகலாம். தோல் மூச்சுத் திணறுகிறது என்பதைவிட, தேவைப்படும்போது கூடுதலாக வாங்கிக்கொள்ளும் சக்தி போய்விட்டது என்று அந்த எண்ணைப் படிப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. வீக்கமும் எண்ணைக் குறைக்கும், தந்துகிக்கும் மின்முனைக்கும் நடுவே நீர் கோத்து நின்றால் ஆக்சிஜன் கடந்து வர வேண்டிய தூரம் கூடிவிடுகிறது. காலை உயர்த்திப் படுத்து வீக்கம் வற்றிய பிறகு அளந்தால் வேறு எண் வரும்.

மற்ற முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தந்துகி நுண்ணோக்கி நேரடியாகக் கண்ணால் பார்ப்பது, வளையங்களை எண்ணலாம், சுருளை அளக்கலாம். ஆனால் தோல் தடித்துக் கறுத்திருந்தால் ஒன்றும் தெரியாது. கதிரியக்க செனான்-133 கரைசலைத் தோலில் துளியாகச் செலுத்தி எவ்வளவு வேகத்தில் கழுவிக்கொண்டு போகிறது என்று எண்ணும் முறை ஒரு காலத்தில் மூலாதாரம், நிலை மாற்றச் சுருக்கத்தைப் பற்றி 1970களில் டென்மார்க்கில் நடந்த வேலையெல்லாம் அதில்தான். இப்போது யாரும் சாதாரணமாகச் செய்வதில்லை. லேசர் ஸ்பெக்கிள் என்று ஒன்று வந்திருக்கிறது, தொடாமலேயே ஒரு உள்ளங்கையளவு தோலை ஒரே நேரத்தில் வரைபடமாகக் காட்டும், ஒரு புள்ளியில் மாட்டிக்கொள்ளும் பிரச்சினை அதில் இல்லை. டாப்ளரைவிடக் கொஞ்சம் மேலோட்டமாகப் பார்க்கும். எனக்குக் கையில் இரண்டும் இருந்தால் புண்ணின் விளிம்பைப் பார்க்க ஸ்பெக்கிள், நிலை மாற்றத்தைப் பார்க்கப் புரோப்.

இங்கே பலர் இன்னொன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். கணுக்காலில் ஒரு ஒளி சென்சாரை ஒட்டி, பாதத்தைப் பத்துத் தடவை மேலும் கீழும் ஆட்டச் சொல்லி, சிரை மறுபடி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பார்களே, அதுவும் தோலில் ஒளியைப் பாய்ச்சுவதுதான், ஆனால் அது தோல் ஓட்டச் சோதனை அல்ல. 20 நொடிக்குக் குறைவாக நிரம்பினால் வால்வு கசிகிறது என்று பொருள், தோலின் நிலை பற்றி அது வாய் திறக்காது. டூப்ளெக்ஸ் ஸ்கேன் என்கிற அல்ட்ராசவுண்டும் அப்படித்தான், எந்தச் சிரையில் ரத்தம் எத்தனை நொடி பின்னால் போகிறது என்று காட்டும். மேலோட்டச் சிரையில் அரை நொடிக்கு மேல் என்றால் கோளாறு. சிகிச்சையை முடிவு செய்வது இந்த டூப்ளெக்ஸ்தான், லேசர் டாப்ளர் அல்ல. லேசர் டாப்ளர் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துச் சங்கதி.

அளக்கும் அறையைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் மனசு ஆறாது. கெட்டுப்போன பதிவுகளில் பாதிக்கு மேல் கருவியின் குற்றமே இல்லை. ஒரு வாரம் முழுக்க ஒரு அறையில் எடுத்த பதிவுகளில் இடது கால் எல்லோருக்கும் குறைவாக வந்தது, கருவியைக் கழற்றி மாட்டி, புரோப்பை மாற்றி எல்லாம் செய்து பார்த்தோம்; கடைசியில் பார்த்தால் ஏசியின் காற்று நேராகக் கட்டிலின் இடது பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. தோலின் கீழ்த்தளம் வெப்பத்துக்காக இருப்பது என்றேனே, அதற்குக் குளிர்ந்தால் சுருங்கத்தான் தெரியும். அறை 22 முதல் 24 டிகிரி, காலை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டாக்கிங்கையோ கட்டையோ கழற்றிவிட்டு 20, 30 நிமிடம் அமைதியாகப் படுத்திருக்க வேண்டும், அதற்கு முன் சில மணி நேரம் காபி, சிகரெட் கூடாது. பேசினால், இருமினால், மூச்சை ஆழமாக இழுத்தாலே கூட எண் துள்ளும். புரோப்பின் ஃபைபர் வயர் தொங்கி ஆடக் கூடாது, புரோப்பை அழுத்தி ஒட்டவும் கூடாது, அழுத்தினால் அடியில் இருக்கும் குழாயையே நசுக்கிவிடுவோம். தோலின் சூட்டையும் பதிந்து வைக்க வேண்டும். ரத்த அழுத்தத்தையும் எடுத்து, எண்ணை அதால் வகுத்து வைத்தால் இன்னொரு நாள் எடுத்ததோடு ஒப்பிடலாம். பழுப்பு நிறமும் ஒளியைக் கொஞ்சம் விழுங்கும், அதனால் ஒருவருடைய தோலை இன்னொருவருடையதோடு ஒப்பிடுவதைவிட அதே இடத்தை அதே ஆளிடம் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுப்பதுதான் உருப்படியான பயன்பாடு. இடத்தைப் பேனாவால் குறித்து, முட்டியிலிருந்தோ கணுக்கால் எலும்பிலிருந்தோ எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதி வையுங்கள்.

அப்படி முன்னும் பின்னும் எடுக்கும்போது, கசியும் சிரையை அடைத்த பிறகோ சில மாதம் ஸ்டாக்கிங் போட்ட பிறகோ படுத்த நிலை எண் 48-லிருந்து 30-க்கு இறங்கியிருந்தால் ஓட்டம் போய்விட்டதே என்று பதறாதீர்கள். விரிந்து கிடந்த கீழ்த்தளம் அடங்குகிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அதோடு தொங்கவிடும்போது குறைவதும் திரும்ப வந்தால் அது நல்ல அறிகுறி.

ஸ்டாக்கிங் இறுக்கினால் இருக்கிற ஓட்டமும் நின்றுவிடாதா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். தோல் ஓட்ட அளவீடு உண்மையிலேயே நடைமுறைக்கு உதவிய இடம் இது. 2012-இல் இத்தாலியில் மோஸ்டி குழுவினர், சிரை நோயோடு ஓரளவு தமனி நோயும் சேர்ந்த 25 பேருக்கு நீளாத வகைக் கட்டு போட்டு, புண்ணுக்குப் பக்கத்திலும் கால்விரலிலும் லேசர் டாப்ளர் வைத்துப் பார்த்தார்கள். கட்டின் அழுத்தம் 40 மி.மீ. பாதரசம் வரை ஓட்டம் குறையவில்லை, கூடவே செய்தது. அதைத் தாண்டியபோதுதான் குறைய ஆரம்பித்தது. வீக்கமும் சிரை அழுத்தமும் குறைவதால் தமனிக்கும் சிரைக்கும் இடையிலான அழுத்த வித்தியாசம் கூடுகிறது, அதுதான் காரணம் என்று விளக்குகிறார்கள். ஆனால் தமனி மிக மோசமாக அடைத்தவர்களை அவர்கள் சேர்க்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். எனவே ஸ்டாக்கிங்குக்கு முன்னால் கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் ஏ.பி.ஐ. எண்ணைப் பார்த்தே ஆக வேண்டும். 0.9-க்கு மேல் என்றால் தமனியில் பெரிய அடைப்பு இல்லை, 0.5-க்குக் கீழே என்றால் இறுக்கமான கட்டு ஆபத்து, நடுவில் இருந்தால் ரத்தக்குழாய் மருத்துவர் சொல்லும் அழுத்தத்தில் மட்டும். 1.3, 1.4-க்கு மேலே வந்தால் ரொம்ப நல்லது என்று சந்தோஷப்பட வேண்டாம், தமனிச் சுவர் கால்சியம் படிந்து விறைத்துப்போய் கஃப்பால் நசுக்க முடியவில்லை என்று பொருள், சர்க்கரை நோயாளிகளிடம் இது சகஜம், அப்போது கால் கட்டைவிரலில் அழுத்தம் எடுப்பார்கள்.

ஆக அம்மாவுக்கு இப்போது தேவை, நின்ற நிலையில் எடுத்த டூப்ளெக்ஸ் ஸ்கேனும் ஏ.பி.ஐ.யும். நிறம் மாறி இறுகிய தோல் என்பது சிரை நோயின் வகைப்பாட்டில் சி4, ஆறிய புண் சி5, ஆறாத புண் சி6. அதாவது புண்ணுக்கு முந்தைய படியில் நிற்கிறார், அடுத்த படி ஏறவிடாமல் தடுக்க நேரம் இருக்கிறது. அரிக்கும் இடத்தைச் சொறிய விடாதீர்கள், மணமில்லாத ஈரப்பத க்ரீம் தினமும், உட்காரும்போது கால் உயரத்தில், நடை எவ்வளவு முடியுமோ அவ்வளவு. பழுப்பு நிறம் ரத்த அணுக்கள் கசிந்து உடைந்து விட்டுச் சென்ற இரும்புச்சத்து, சிரையைச் சரி செய்தாலும் அது முழுக்க மறையாது, அதை வைத்துச் சிகிச்சை தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். திடீரென்று ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே மருத்துவமனை, ஆழ்சிரையில் உறைவு இருக்கலாம். தோல் உடைந்து புண்ணாகி இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றாலும் தாமதிக்க வேண்டாம்.

அந்த ஆய்வுக்காரர்களிடம் மறுபடி போவதாக இருந்தால் இதை மட்டும் கேட்டு வாங்குங்கள்: காலைத் தொங்கவிட்டபோது எடுத்த பதிவு இருக்கிறதா, இரண்டு காலிலும் எடுத்தார்களா, அன்றைக்குத் தோலின் சூடு எவ்வளவு. இருந்தால் எண்களை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.